மொட்டைக் கடுதாசியும் ஆர் மொழியும்

வணக்கம் மக்களே! மொட்டைக் கடுதாசி எழுதுனது யாருன்னு சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சிடுமான்னு கேட்டிருந்தீங்க. ஓட்டியே காட்டிடுறேன். பேரு ஹேண்ட்ரைட்டர். ஆர் (R)-ங்கற புள்ளியியல் ப்ரோக்ராமிங் மொழியில ஓடுற பேக்கேஜ், காசு கிடையாது. அமெரிக்காவுல அயோவா ஸ்டேட் யூனிவர்சிட்டி தலைமையில இயங்குற சிசேஃப்-ங்கற தடயவியல் புள்ளியியல் மையம் பண்ணினது.

இதோ நான் இங்கிலீஷ்ல எழுதின ஒரு பத்தி, ஸ்கேன் பண்ணின பிஎன்ஜி படம். உள்ள கொடுத்தாச்சு. பாருங்க, முதல்ல கறுப்பு வெள்ளையா மாத்துது. அப்புறம் ஒவ்வொரு கோட்டையும் ஒரே பிக்ஸல் தடிமனுக்குச் சீவிடுது. கோடு முடியுற இடம், கோடும் கோடும் சேர்ற இடம், அங்கெல்லாம் புள்ளி வைக்குது. அப்படியே எழுத்தைத் துண்டு துண்டா வெட்டுது. கொஞ்சம் ஜூம் பண்றேன்... இந்த டபிள்யூ ரெண்டு துண்டாயிடுச்சு, தெரியுதா? பக்கத்துல ஓ-வும் என்-னும் ஒட்டிக்கிட்டு ஒரே துண்டா நிக்குது. அதுக்கு ஏபிசிடி எல்லாம் தெரியாதுங்க. வடிவம் மட்டும்தான்.

அடுத்து அந்தத் துண்டுகளை வடிவம் பார்த்து 40 கூட்டமா பிரிக்குது. எந்தக் கூட்டத்துல எவ்வளவு விழுதுங்கறதுதான் உங்க கையோட ஜாதகம். இதோட தம்பி ஹேண்ட்ரைட்டர் ஆர்எஃப். அதுக்குள்ள நிறைய டிசிஷன் ட்ரீ, அதாவது கேள்வி மேல கேள்வி கேட்டு முடிவுக்கு வர்ற குட்டி மாடல்கள் இருக்கு. ரெண்டு காகிதத்தைக் கொடுத்தா, அதுல எத்தனை 'ஒரே ஆள்'னு ஓட்டுப் போட்டுச்சோ அந்த விகிதத்தை ஸ்கோரா சொல்லும். அதுல இருந்து ஒரு லைக்லிஹுட் ரேஷியோ வரும்.

இங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க. ரேஷியோ 100-னு வந்தா, அவர்தான் எழுதினாருங்கறதுக்கு 100 மடங்கு வாய்ப்புன்னு அர்த்தம் இல்ல. ஒரே ஆள் எழுதியிருந்தா இந்த ஸ்கோர் வர்றதுக்கு, வேற வேற ஆள் எழுதியிருந்தா வர்றதை விட 100 மடங்கு வாய்ப்பு. அவ்வளவுதான். யார் எழுதினாங்கறதை முடிவு பண்ண, வழக்குல இருக்கற மத்த சாட்சியமும் வேணும்.

கணக்கைக் காட்டி கோர்ட்டை மிரட்டுறது புதுசும் இல்ல. 1860-கள்ல அமெரிக்காவுல ஹவ்லண்ட் உயில் வழக்குன்னு ஒண்ணு, ஹவ்லண்ட்ங்கற அம்மாவோட உயில்ல இருந்த கையெழுத்து அசலா போலியான்னு சண்டை. ஹார்வர்ட் கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸ் சாட்சி சொல்ல வந்தார். அவர் மகன் சார்ல்ஸ் அந்தம்மாவோட அசல் கையெழுத்து 42-ஐ ஜோடி ஜோடியா வச்சு, அதாவது 861 ஜோடி, ஒவ்வொண்ணுலயும் மேல இருந்து கீழ இழுக்கற 30 கோட்டை ஒப்பிட்டுப் பார்த்தார். அஞ்சு கோட்டுல ஒண்ணு ஒத்துப்போச்சு. ஆனா சந்தேகப்பட்ட கையெழுத்து ஒரு அசலோட முப்பது கோட்டுலயும் ஒத்துப்போச்சு. அப்பா அந்த அஞ்சுல ஒண்ணை 30 தடவை பெருக்கி, முப்பதும் ஒத்துப்போக வாய்ப்பே இல்ல, இது போலின்னுட்டார். ஆனா ஒரே கை இழுக்கற கோடுகள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இருக்குமா? அப்படிப் பெருக்குனதுதான் கோளாறு. கோர்ட் கடைசியில வேற சட்டப் பாயிண்ட்ல வழக்கை முடிச்சிடுச்சு!

சரி, தமிழ்ல ஓடுமா? வெட்டுற வேலை ஓடும், அதுக்குத்தான் எழுத்தே தெரியாதே. ஆனா ரேஷியோவை நம்பாதீங்க. அது பழகினது இங்கிலீஷ் கையெழுத்துல. சிசேஃப் முதல்ல வெளியிட்ட தொகுப்புல 90 பேர், ஆளுக்கு 27 மாதிரி, எல்லாம் இங்கிலீஷ். தமிழுக்கும் அந்த மாதிரி, ஒரே பத்தியைப் பல பேர் பல நாள் எழுதின தொகுப்பு வேணும். புள்ளியியல் படிக்கற தம்பி தங்கச்சிங்க ப்ராஜெக்ட் தேடினீங்கன்னா இதை எடுங்க. மாதிரி வாங்கும்போது மட்டும் வெள்ளைத் தாள் கொடுங்க. ரூல் போட்ட நோட்டுன்னா அந்தக் கோட்டையும் கையெழுத்துன்னு வெட்டி எண்ணிடும்.