கண்ணை மூட விடாத அண்ணன்

ஜப்பானிய சினிமா இயக்குநர் அகிரா குரோசாவா என்றதும் மழையில் வாள் வீசும் சாமுராய்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அது இன்னொரு நாளைக்கு. இன்றைக்கு அவருடைய அண்ணன் ஹெய்கோவைப் பற்றிப் பேசலாம், ஏனென்றால் குரோசாவாவின் முதல் வாத்தியார் அவர்தான் என்பது என் கட்சி.

அகிரா 1910இல் டோக்கியோவில் பிறந்தார், வீட்டுக்குக் கடைக்குட்டி. அப்பா கண்டிப்பானவர், ஆனாலும் சினிமா பார்த்தால் அறிவு வளரும் என்று பிள்ளைகளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போவார் (எத்தனை பேருக்கு அப்படி ஓர் அப்பா வாய்த்தார், கை தூக்குங்கள்).

1923 செப்டம்பர் 1 அன்று பெரிய நிலநடுக்கம், கூடவே தீ, டோக்கியோவும் யோகோஹாமாவும் நாசமாயின. தீ அடங்கியதும் ஹெய்கோ தன் 13 வயதுத் தம்பியை இடிபாடுகளுக்கு நடுவே கூட்டிப்போனார், எங்கே பார்த்தாலும் கருகிய பிணங்கள், தம்பி முகத்தைத் திருப்பியபோதெல்லாம் நன்றாகப் பார் என்று அதட்டினார். கண்ணை மூடிக்கொண்டால்தான் பயம், நேராகப் பார்த்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை என்பது அண்ணனின் விளக்கம். சின்னப் பையனிடம் இப்படியா என்று எனக்கும் தோன்றுகிறது, சரி, ஆனால் அன்று இரவு தம்பி கெட்ட கனவு எதுவும் இல்லாமல் தூங்கியிருக்கிறார்.

அதே நாட்களில் கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பி, ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். குரோசாவாவின் தெருவிலும் ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றார்கள், ஆதாரம் என்னவென்றால் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட விசித்திரக் குறிகள். அதைக் கிறுக்கியதே குரோசாவாதான்! ஒரு கொலையை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் 'ரஷோமோன்' படத்தை 1950இல் எடுத்தவர் இவர் என்பதை நினைத்துக்கொண்டு இந்தச் சம்பவத்தை அவருடைய சுயசரிதையில் படித்துப் பாருங்கள்.

அப்புறம் ஹெய்கோ பென்ஷி ஆனார், அதாவது மௌனப் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதையையும் வசனத்தையும் சொல்பவர். ஓவியனாகும் கனவில் இருந்த தம்பிக்கு எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்ததும், ரஷ்ய இலக்கியத்தில் பித்துப் பிடிக்க வைத்ததும் அவர்தான். பேசும் படம் வந்தது, பென்ஷிகளுக்கு வேலை போனது, அவர்களுடைய வேலைநிறுத்தத்துக்கு ஹெய்கோ தலைமை தாங்கியும் பலனில்லை. 1933இல் தற்கொலை செய்துகொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து, பி.சி.எல். என்ற சினிமா ஸ்டுடியோ உதவி இயக்குநர் வேலைக்கு விளம்பரம் செய்து, ஜப்பானியப் படங்களின் அடிப்படைக் குறைகள் என்ன, எப்படிச் சரிசெய்வது என்று ஒரு கட்டுரை கேட்டது. அடிப்படையிலேயே குறை என்றால் எப்படிச் சரிசெய்வது என்று பாதி கிண்டலாக எழுதி அனுப்பினார் குரோசாவா. வேலை கிடைத்துவிட்டது.