பழைய மேக்கின்டாஷுக்குப் புதிய செயலி அட்டை

நேயர்களுக்கு வணக்கம். பழைய மேசைக் கணினி ஒன்று மெதுவாக ஓடுகிறதென்றால், அதை ஒதுக்கிவைக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். கணினியின் மூளையான செயலி (ப்ராசசர்) தாய்ப்பலகை என்னும் முதன்மை மின்சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, தனி அட்டையாகச் செருகப்பட்டிருக்கிறதா? தனி அட்டை என்றால் அந்தக் கணினிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

1995-இல் ஆப்பிள் வெளியிட்ட பவர் மேக்கின்டாஷ் 7500 அப்படிப்பட்டது. அதன் 100 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி 601 செயலி ஒரு சிறிய அட்டையில் அமர்ந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பின்னாளில் வந்த ஜி3 என்ற பவர்பிசி செயலி உள்ள அட்டையைச் செருகலாம். வாங்குபவர் நாளைக்கு என்ன செய்வார் என்று முன்கூட்டியே யோசித்து வடிவமைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

அட்டை வாங்கப் போகிறவர்கள் முதலில் செயலியின் வேகத்தைச் சொல்லும் மெகாஹெர்ட்ஸைத்தான் பார்க்கிறார்கள். நான் கேஷ் நினைவகத்தை, அதாவது அடிக்கடி வேண்டிய தரவைச் செயலிக்கு அருகிலேயே வைத்திருக்கும் சிறிய, வேகமான நினைவகத்தை, பார்க்கச் சொல்வேன். 7500-இன் தாய்ப்பலகையில் செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை 50 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 400 மெகாஹெர்ட்ஸ் செயலியைப் பொருத்தினாலும் அந்தப் பாதை அகலப்போவதில்லை. தேவையான தரவு வந்து சேரும்வரை செயலி கைகட்டிக் காத்திருக்கும். ஜி3-இன் பலமே, இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகத்தைத் தனிப் பாதை வழியாகத் தன்னோடு இணைத்துக்கொண்டதுதான். அடிக்கடி வேண்டியது அருகிலேயே கிடைப்பதால், நெரிசலான பொதுப் பாதைக்குப் போகும் தேவை குறைகிறது. எனவே வேகத்தில் சற்றே கூடுதலாகவும் கேஷில் 512 கிலோபைட்டாகவும் உள்ள அட்டையைவிட, வேகம் சற்றுக் குறைந்தாலும் 1 மெகாபைட் கேஷ் உள்ள அட்டையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

படங்களைத் திருத்துவது போன்ற கணக்கு மிகுந்த வேலைகளில் மாற்றம் உடனே தெரியும். பெரிய கோப்பைத் திறப்பதில் அவ்வளவாகத் தெரியாது; அங்கே தாமதம் வன்தட்டினுடையது. நினைவகம் போதாமல் கணினி ஓயாமல் வன்தட்டைத் தேடி ஓடுகிறதென்றால், முதல் செலவு நினைவகத்துக்கே. அதையும் ஒரே அளவில் இரண்டிரண்டாகப் போட்டால் இந்த மாடல் இன்னும் சுறுசுறுப்பாகும்.

பொருத்தும்போது மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, உள்ளே உள்ள உலோகச் சட்டத்தை ஒருமுறை தொடுங்கள். உடலிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். அட்டையின் இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். தாய்ப்பலகையில் ‘கூடா’ (Cuda) என்ற சிறு மீட்டமைப்புப் பொத்தான் இருக்கிறது. மூடுவதற்கு முன் அதை அழுத்திவிடுங்கள்.

இன்னொன்று. பல அட்டைகளில் கேஷை இயக்கிவைப்பது உடன் வரும் மென்பொருள்தான். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கணினியைத் தொடங்கினால், தொடக்கத்தில் ஏறும் துணை மென்பொருள்களான நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்ஸ்) ஏறாது, கேஷும் உறங்கும், புதிய அட்டையும் ஊர்ந்து செல்லும். அட்டை பழுதென்று முடிவுகட்டிவிடாமல், கணினியை வழக்கம்போல் மறுபடி தொடங்கிப் பாருங்கள்.