ரீஜியன் ஃப்ரீ பிளேயர் வாங்கும்முன் டிஸ்க் உறையைத் திருப்பிப் பாருங்கள்

[மேசை மேல் ஒரு ப்ளூரே பிளேயர். பக்கத்தில் இரண்டு டிஸ்க் உறைகள்.]

வணக்கம். இந்தப் பிளேயர் துபாயில் இருக்கிற எங்கள் அத்தான் கொண்டு வந்தது. பெட்டியில் 'மல்ட்டி ரீஜியன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் மைனி அனுப்பிய ஒரு டிவிடியைப் போட்டேன், ஓடியது. அதே மைனி அனுப்பிய ஒரு ப்ளூரேயைப் போட்டேன், டிவிடியை விடத் தெளிவான படம் தருகிற டிஸ்க் அது. கறுப்புத் திரையில், இந்த ரீஜியனில் ஓடாது என்று ஒரே ஒரு வரி வந்து நின்றுவிட்டது. டிஸ்க்கைத் துடைத்தேன், பிளேயரை அணைத்துப் போட்டேன், வயரை மாற்றிக் குத்தினேன், இரண்டு நாள் இப்படியே போனது. கடைசியில் பார்த்தால் பிளேயரிலும் கோளாறு இல்லை, டிஸ்க்கிலும் கோளாறு இல்லை. டிவிடிக்கு ஒரு பூட்டு, ப்ளூரேக்கு வேறொரு பூட்டு, அந்தப் பெட்டி பேசியது முதல் பூட்டைப் பற்றி மட்டும்தான்.

இந்த வீடியோ நம்ம மாவட்டத்துக்காரர்களை நினைத்தே போடுகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். அப்புறம் லண்டனில் ஒருத்தர், சிங்கப்பூரில் ஒருத்தர். ஊருக்கு வரும்போது ஒருவர் பெட்டியில் பிளேயர் வருகிறது, இன்னொருவர் பெட்டியில் டிஸ்க் வருகிறது, இரண்டும் நம் வீட்டு டிவி முன்னால் வந்து சேரும்போதுதான் சண்டை ஆரம்பம். டிசம்பரில் ரயிலேறித் திருவனந்தபுரம் போய்க் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் பார்க்கிறவர்களும் நம்மிடம் உண்டு. அங்கே பார்த்த ஒரு ஈரானியப் படமோ கொரியப் படமோ மனசை விட்டுப் போகாது, வீட்டில் அம்மாவுக்கும் காட்ட வேண்டும் என்று தேடினால் எந்த ஓடிடியிலும் இருக்காது, எங்கோ ஒரு நாட்டில் டிஸ்க்காக மட்டும் இருக்கும். அந்தப் படத்தை முழுசாக, சரியான வேகத்தில், சப்டைட்டிலோடு வீட்டில் பார்க்கிற வழியைத்தான் சொல்லப் போகிறேன்.

[டிவிடி உறையின் பின்பக்கம். உலக உருண்டைக்குள் ஓர் எண், நெருக்கத்தில்.]

இதோ, இந்தச் சின்ன உருண்டைக்குள் 1 என்று போட்டிருக்கிறது பாருங்கள். இதுதான் ரீஜியன் எண். டிவிடி 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஒரு படம் அமெரிக்கத் தியேட்டரில் ஓடி முடிந்து, டிஸ்க்கும் வந்த பிறகுதான் பல நாடுகளில் தியேட்டருக்கே வரும். அங்கே வாங்கிய டிஸ்க் இங்கே வந்துவிட்டால் தியேட்டர் வசூல் போச்சு, நாட்டுக்கு நாடு உரிமை வாங்கியவர்களுக்கும் நஷ்டம். அதனால் உலகத்தைத் துண்டு போட்டு எண் கொடுத்தார்கள். களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்திக் காகிதம் கேட்கிற மாதிரி, டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் பிளேயர் அந்த எண்ணைக் கேட்கும். தன்னுடைய எண்ணோடு பொருந்தாவிட்டால் படம் அங்கேயே நிற்கும்.

அமெரிக்கா, கனடா 1. ஐரோப்பா, ஜப்பான், மத்திய கிழக்கு, தென்னாப்பிரிக்கா எல்லாம் 2. தென்கொரியா, ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4. நாம் ரஷ்யாவோடும் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியோடும் சேர்ந்து 5. சீனா 6. எண் 0 அல்லது 'ஆல்' என்று இருந்தால் பூட்டு இல்லை, எங்கேயும் ஓடும். நம்ம தமிழ்ப்பட டிவிடிகள் பலவும் அப்படித்தான் வந்தன, அதனால்தான் இந்தத் தலைவலி நமக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது.

டிவிடி பூட்டைத் திறப்பது பெரும்பாலும் சுலபம். விலை குறைந்த பல பிளேயர்களில், தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் ஒரு மறைவான மெனு வரும், அதில் ரீஜியனை மாற்றிவிடலாம். மாடலுக்கு மாடல் அந்த எண்கள் வேறு. ஆனால் மாற்றும்போது 0 என்று வைத்து நிறுத்திவிடாதீர்கள், 1, 2 என்று தனித்தனியாக வைக்கவும் இடம் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க டிவிடிகள் சிலவற்றில் கூடுதலாக ஒரு சோதனை இருக்கிறது, பிளேயர் 0இல் இருந்தால் அது கண்டுபிடித்து ஓட மறுக்கும். 1 என்று வைத்தால் பேசாமல் ஓடும்.

[ப்ளூரே உறையின் பின்பக்கம். அறுகோணத்துக்குள் 'ஏ' எழுத்து.]

ப்ளூரேக்கு எண் இல்லை, எழுத்து. அமெரிக்கக் கண்டங்கள் முழுக்க, ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா ஏ. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, சீனா, ரஷ்யா சி. ஆக, துபாயில் வாங்கிய பிளேயர் பி, மைனி அனுப்பிய டிஸ்க் ஏ, அது ஓடியிருந்தால்தான் ஆச்சரியம். அதே துபாய்ப் பிளேயரில் லண்டன் ப்ளூரேயைப் போட்டால் தானாக ஓடும், எந்தப் பூட்டையும் திறக்க வேண்டாம். சிங்கப்பூரில் வாங்கிய பிளேயரில் ஜப்பான் ப்ளூரேயும் அமெரிக்க ப்ளூரேயும் ஓடும். இந்த ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொண்டாலே, யாரிடம் எதை வாங்கி வரச் சொல்வது என்று தெரிந்துவிடும்.

ப்ளூரே பூட்டு ரிமோட்டுக்கு அவ்வளவு லேசில் மசியாது. இங்கே டிஸ்க்கில் இருக்கிற நிரலே பிளேயரைப் பார்த்து, நீ ஏயா, பியா, சியா என்று கேட்கிறது. அதனால் பெரும்பாலும் உள்ளே ஒரு சின்னப் பலகை வைத்தோ மென்பொருளை மாற்றியோதான் விற்கிறார்கள். அப்படி மாற்றிய பிளேயரை வாங்கினால் நெட்டில் இணைத்து அப்டேட் கொடுத்துவிடாதீர்கள், பழைய பூட்டு திரும்ப வந்து உட்கார்ந்துவிடலாம். ஒரு நல்ல செய்தியும் உண்டு, எழுத்து போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் எத்தனையோ ப்ளூரேக்களில் உண்மையில் பூட்டே வைப்பதில்லை. பூட்டு அதிகம் இருப்பது பழைய உலக சினிமாவைத் துடைத்துச் சுத்தம் செய்து போடுகிற சிறு வெளியீட்டாளர்களிடம்தான், ஏனென்றால் அவர்கள் ஒரு நாட்டுக்கு மட்டும் உரிமை வாங்குகிறார்கள். நமக்கு வேண்டிய படங்களோ அவர்களிடம்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்ற வெளியீட்டாளரின் டிஸ்க் ஏ, இங்கிலாந்தில் பிஎஃப்ஐ, யுரேகா போன்றவர்களின் டிஸ்க் பெரும்பாலும் பி.

ப்ளூரேயை விடவும் தெளிவான 4கே டிஸ்க் 2016இல் வந்தது, அதற்கு ரீஜியன் பூட்டு கிடையாது. அப்படியென்றால் 4கே பிளேயர் வாங்கினால் போதுமே என்று தோன்றும். இல்லை. 4கே டிஸ்க் மட்டும்தான் எங்கும் ஓடும், அதே பிளேயரில் சாதாரண ப்ளூரேயும் டிவிடியும் போட்டால் பழைய பூட்டு அப்படியே இருக்கும். பல 4கே உறைகளில் கூடவே ஒரு ப்ளூரேயும் வைத்திருப்பார்கள், இணைப்புக் காட்சிகளும் பேட்டிகளும் அதில்தான் இருக்கும், அது ஓடாமல் போகலாம்.

சரி, கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "டிவிடியில் 1 முதல் 6 வரை ஓடுமா என்பது இருக்கட்டும், ப்ளூரேயில் ஏ, பி, சி மூன்றும் ஓடுமா, எழுத்தை எப்படி மாற்றுவது?" இதற்கு ரிமோட்டைக் கையில் எடுத்துக் காட்டுகிறவரிடம் வாங்குங்கள். எல்லாம் ஓடும் சார் என்று மட்டும் சொன்னால் வேண்டாம்.

[இரண்டு டிவி, ஒரே காட்சி. ஒன்று கொஞ்சம் முந்தி ஓடுகிறது.]

பூட்டு திறந்த பிறகும் ஒரு சங்கதி பாக்கி இருக்கிறது. ஜப்பான் டிவிடியும் ஐரோப்பிய டிவிடியும் ரீஜியன் 2தான், ஆனால் படத்தைப் பதிகிற டிவி முறை வேறு, ஜப்பான் டிஸ்க் என்டிஎஸ்சி முறை, ஐரோப்பிய டிஸ்க் பிஏஎல் முறை. முதலாவதில் 480 வரி, இரண்டாவதில் 576 வரி. நாம் பிஏஎல் நாடு. இப்போதைய தட்டை டிவி இரண்டையும் எடுத்துக்கொள்ளும். வீட்டில் இன்னும் அந்தப் பழைய பெட்டி டிவி இருந்தால் என்டிஎஸ்சி படம் கறுப்பு வெள்ளையாக வரலாம், படம் உருளவும் செய்யலாம். அமெரிக்கப் பிளேயர்கள் பலவற்றில் 50 ஹெர்ட்ஸில், அதாவது பிஏஎல் முறையில் பதிந்த ஐரோப்பிய டிஸ்க், ரீஜியன் சரியாக இருந்தாலும் ஓடாது.

எனக்கு இதில் ரொம்ப முக்கியமாகப் படுவது வேகம். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். பிஏஎல் டிவிடியில் அதை 25ஆக ஓட்டுவார்கள், அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய வித்தியாசமா என்று கேட்பீர்கள். பாடகர் குரல் கொஞ்சம் மேலே ஏறி ஒலிக்கும், மெதுவாக நகர வேண்டிய ஒரு காட்சி அவசரப்படும். ஒரே படத்தை இரண்டு விதமாகவும் பார்த்த பிறகு எனக்கு அந்த அவசரம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. ப்ளூரேயில் பெரும்பாலான படங்கள் 24ஆகவே இருக்கும். பிளேயர் செட்டிங்கில் '24பி' என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்து வையுங்கள்.

[பிளேயரின் பின்பக்கம். மின்சார விவரம் எழுதிய ஸ்டிக்கர், மிக நெருக்கத்தில்.]

இந்த ஸ்டிக்கரைப் படிக்காமல் எந்த ஃபாரின் பிளேயரையும் பிளக்கில் குத்தாதீர்கள். மைனி முதலில் ஒரு பிளேயரும் கொடுத்து விட்டிருந்தார், அமெரிக்காவில் வாங்கியது. பின் பொருந்தவில்லை என்று வடசேரியில் ஒரு மாற்றுப் பிளக் வாங்கிக் குத்தினேன். டப் என்று ஒரு சத்தம், கருகிய வாசனை, அவ்வளவுதான். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வீங்கி வெடித்துக் கிடந்தது. அந்த ஸ்டிக்கரில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தது, நம்ம வீட்டில் வருவது 230. ஜப்பானில் 100. ஸ்டிக்கரில் 100-240 என்று இருந்தால் மாற்றுப் பிளக் போதும். 120 மட்டும், 100 மட்டும் என்று இருந்தால் வோல்ட்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடவே கூடாது. துபாய், கத்தார் சாமானில் இந்தப் பயம் இல்லை, பட்டை முள் பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடும்.

என்ன வாங்கலாம்? உங்களிடம் இருப்பதும் வரப்போவதும் டிவிடி மட்டும் என்றால், எச்டிஎம்ஐ இருக்கிற சாதாரண டிவிடி பிளேயரில் ரிமோட் வழியாக ரீஜியன் மாறினால் போதும், அதிகம் செலவழிக்காதீர்கள். லண்டனில் இருந்து மட்டும் ப்ளூரே வருகிறது என்றால் வளைகுடாவில் வாங்கிய சாதாரணப் பிளேயரே போதும். லண்டன், அமெரிக்கா இரண்டு பக்கமிருந்தும் ப்ளூரே வருகிறது என்றால்தான் மாற்றம் செய்த பிளேயருக்குக் காசு கொடுங்கள், அது வீண் செலவு ஆகாது. பழையது வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ரீஜியன் மாற்றத்துக்குப் பெயர்போன ஆப்போ என்ற பிளேயர் நிறுவனம் 2018இல் பிளேயர் தயாரிப்பதை நிறுத்திவிட்டது, உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டர் டிவிடி டிரைவிலும் ரீஜியன் உண்டு, 5 முறைதான் மாற்ற விடும், 5ஆவது முறை எதில் வைத்தீர்களோ அதிலேயே நின்றுவிடும்.

சப்டைட்டிலைப் பற்றி ஒன்று. டிஸ்க்கில் இருக்கிற சப்டைட்டில் எழுத்து அல்ல, படமாகவே பதிந்திருக்கும், அதனால் எந்த மொழியானாலும் திரையில் அப்படியே வரும். பென் டிரைவில் நீங்கள் போடுகிற சப்டைட்டில் ஃபைல் எழுத்து, அதைக் காட்டப் பிளேயருக்குள் அந்த மொழி ஃபான்ட் இருக்க வேண்டும். அம்மாவுக்காக ஒரு படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் நானே ராத்திரி உட்கார்ந்து அடித்துப் போட்டேன், திரையில் கட்டம் கட்டமாக வந்தது. அதே ஃபைல் லேப்டாப்பில் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் அழகாக ஓடியது, அதிலிருந்து எச்டிஎம்ஐ வயரை டிவிக்குக் கொடுத்துத்தான் அம்மாவுக்குக் காட்டினேன்.

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி என்று கடற்கரையை ஒட்டி இருக்கிறவர்கள் பிளேயரை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். ஜன்னல் கம்பியையே தின்கிற உப்புக் காற்று, எச்டிஎம்ஐ முனையை விட்டுவைக்குமா? நமக்கு ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, அந்த ஈரத்தில் டிஸ்க் உறைக்குள் பூஞ்சை வரும். டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள்.

[கடை மேசை. ஒரு கை டிஸ்க்கைத் தட்டில் வைக்கிறது.]

கடைக்குப் போகும்போது உங்கள் டிஸ்க்குகளையே எடுத்துப் போங்கள். ஒரு அமெரிக்க டிவிடி, ஒரு ஏ ப்ளூரே, ஒரு பி ப்ளூரே. உண்மையில் பூட்டு இருக்கிற டிஸ்க்காகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தம் இல்லை. மெனு வந்ததும் சரி என்று எழுந்துவிடாதீர்கள். படங்கள் பலவும் இரண்டு அடுக்கில் பதிந்திருக்கும், படத்தின் நடுவில் எங்கோ லென்ஸ் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவும். லென்ஸ் தளர்ந்த பழைய பிளேயர் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். அதனால் முதல் காட்சி, நடுவில் ஒரு காட்சி, கடைசிக் காட்சி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். நடுக்காட்சியை மட்டும் ஒரு பத்து நிமிடம் ஓட விடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.