பொத்தானுக்கு முன்னால் கேஜ்

நேயர்களுக்கு வணக்கம். காரைக் கிளப்பியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள மீட்டர்களுக்கிடையே குதிரை லாடம் போன்ற ஓர் உருவமும் அதன் நடுவில் ஓர் ஆச்சரியக்குறியும் மஞ்சளாக எரிவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டயரில் காற்று இறங்கியிருக்கிறது என்று கார் சொல்கிறது. ஆனால் என்னைச் சந்திப்பவர்கள் காற்றைப் பற்றிக் கேட்பதில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையும் என்றுதான் கேட்கிறார்கள். பதில் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பொத்தானை ஒருமுறை தவறாக அழுத்தி, அதற்காக இரண்டு டயர்களை மாற்றியவன் நான்.

டயரின் காற்றை இரண்டு வழிகளில் கார் அறிகிறது. சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடியில் பேட்டரியோடு கூடிய சிறு சென்சார் ஒன்று இருந்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்து, உங்களுக்கு இப்போது என் குரல் வருவதைப் போலவே வானொலி அலையில் அனுப்பிக்கொண்டிருக்கும். வேறு சில கார்களில் சென்சாரே கிடையாது. காற்று குறைந்த டயர் சற்றே அமுங்கிச் சிறுத்து, அதே தூரத்தைக் கடக்க மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சுற்றுவதால், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்காகச் சக்கரங்களின் வேகத்தை அளக்கும் கருவியே அந்த வேறுபாட்டைப் பிடித்துவிடுகிறது. என் கார் இந்த இரண்டாம் வகை. இத்தகைய கார் காற்றை நேராக அளப்பதில்லை, ஊகிக்கிறது. ஊகிப்பதற்கு அதற்கு ஓர் அடிப்படை வேண்டும். ரீசெட் பொத்தானை அழுத்துவது என்றால், "இப்போது டயரில் இருப்பதுதான் சரியான அளவு, இதை மனத்தில் வைத்துக்கொள்" என்று காருக்குச் சொல்வது. இதை இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குளிர்காலக் காலையில் என் காரில் அந்த விளக்கு எரிந்தது. மதியம் அணைந்தது. மறுநாள் காலை மீண்டும் எரிந்தது. வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தாலே டயரின் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும் என்பதும், காற்று ஏற்கெனவே எல்லையில் நின்றதால்தான் விளக்கு இப்படிக் கண்ணாமூச்சி ஆடியது என்பதும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கருவிக்குக் கோளாறு என்று முடிவு கட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தேன். விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு அணைந்தது. மூன்று மாதம் நிம்மதியாக ஓட்டினேன்.

பிறகு வேறொரு வேலையாக டயர் கடைக்குப் போனபோது, அங்கிருந்தவர் ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையை வாங்கி முன் டயரின் மேல் வைத்துக் குறுக்காக நகர்த்தினார். நடுவில் பள்ளங்கள் புதிது போல ஆழமாகக் கைக்குத் தட்டுப்பட்டன. இரு ஓரங்களும் சிலேட்டைப் போல வழவழவென்று இருந்தன. காற்று போதாமல் ஓடும் டயர் ஓரங்களில்தான் தேயும். 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில், காற்றை அளக்கும் கருவியான கேஜ் 19 காட்டியது. "விளக்கு எரியவே இல்லையே!" என்றேன். "கடைசியாக ரீசெட் செய்தபோது காற்று எவ்வளவு இருந்தது, சார்?" என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. குறைந்த காற்றையே சரியென்று காருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். அது நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தது.

ஆகவே முறை இதுதான். கார் மூன்று மணி நேரமாவது நின்று டயர் ஆறிய பிறகு, நான்கு டயர்களையும் கேஜ் வைத்துப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் உள்ள அளவுக்குக் காற்று அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. அதற்குப் பிறகே பொத்தான். சில கார்களில் அது ஸ்டியரிங் அருகில், சிலவற்றில் திரையின் பட்டியலுக்குள் இருக்கும். உங்கள் காரின் கையேடு காட்டிக்கொடுக்கும். அழுத்திய பின் சிறிது நேரம் சாலையில் ஓட்டினால்தான் கார் புதிய அளவைக் கற்று முடிக்கும். சென்சார் உள்ள கார்களில் பலவற்றுக்குப் பொத்தானே தேவைப்படாது. காற்றைச் சரிசெய்து கொஞ்ச தூரம் ஓட்டினால் விளக்கு தானே அணையும். இரண்டாம் முறையாகச் சொல்கிறேன்: காற்று முதலில், பொத்தான் பிறகு.

விளக்கு எரியவில்லை என்பதற்காகக் கேஜைப் பரணில் போட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கிய விதி, பரிந்துரைத்த அளவிலிருந்து 25 சதவீதம் இறங்கிய பிறகு விளக்கு எரிந்தால் போதும் என்கிறது. கணக்குப் போட்டால் 32 இருக்க வேண்டிய டயர் 24க்கு வரும் வரை கார் வாய் திறக்காமல் இருக்கலாம். மாதம் ஒருமுறை நான் கேஜை எடுப்பது இதனால்தான்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். சென்சார் பேட்டரியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; சுருக்கிவிடுகிறேன். காரைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பெரும்பாலும் குறை காற்றில் இருக்காது, கருவியில்தான் இருக்கும். ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் சென்சாரின் பேட்டரி தீர்ந்துவிடும். பொதுவாகச் சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும். எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் அந்த விளக்கு அணையாது. வணக்கம்.