வாயால் வாசித்தவர்

வணக்கம். நேயர்கள் கையில் வைத்திருப்பதைக் கொஞ்சம் கீழே வையுங்கள். உங்கள் தொடை எனக்கு ஒரு பத்து நிமிடம் வேண்டும். காய் நறுக்கிக்கொண்டிருப்பவர்கள் அரிவாள்மணையைப் பத்திரமாக ஓரம் தள்ளிவிட்டே வாருங்கள்.

நான் 38 வருடமாகப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். பாருங்கள், 'சொல்லிக்கொடுக்கிறேன்' என்றுதான் சொல்கிறோம். என் குருநாதர் முதல் ஆறு மாதம் வாத்தியத்தைத் தொடவே விடவில்லை. தத், தித், தொம், நம். வாயால் சொல்லிக்கொண்டே தொடையில் தட்ட வேண்டும். "வாயில வராதது கையில வராதுடா" என்பார். அந்த வயதில் அது பெரிய தண்டனையாக இருந்தது. பின்னாளில் நைஜீரியாக்காரர் ஒருவர் அமெரிக்காவில் இதே வேலையைச் செய்தார் என்று தெரிந்தபோது, குருநாதருக்குக் கடல் தாண்டி ஒரு பங்காளி கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவர் பெயர் பாபாடுண்டே ஒலாடுஞ்சி.

பிறந்தது 1927-இல், லாகோஸ் நகரத்துக்கு மேற்கே அஜிடோ என்ற மீன்பிடி கிராமத்தில். அவர் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அப்பா போய்விட்டார். நைஜீரியாவில் பேசுகிற யோருபா மொழியில் பாபாடுண்டே என்றால் 'அப்பா திரும்பி வந்துவிட்டார்' என்று பொருள். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே பெயரன், பேரன் ஆனான்.

பையன் தாளத்தை நம்பிக் கப்பல் ஏறவில்லை. ரோட்டரி உதவித்தொகை கிடைத்து, 1950-இல் அட்லாண்டா நகரத்து மோர்ஹவுஸ் கல்லூரியில் படிக்கப் போனார். வெளிநாட்டுத் தூதர் ஆக வேண்டும் என்பது கனவு. அது கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி. அங்கே கூடப் படித்தவர்களே கேட்டார்களாம்: உங்கள் ஊர்த் தெருவில் சிங்கம் திரியுமா? மரத்தில் ஏறித்தான் தூங்குவீர்களா? உங்களுக்கெல்லாம் வால் உண்டா? அவர்கள் பார்த்த ஆப்பிரிக்கா டார்ஜான் படத்து ஆப்பிரிக்கா. ஒலாடுஞ்சி கோபப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. மற்ற மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு தன் ஊர்ப் பாட்டையும் ஆட்டத்தையும் நடத்திக் காட்ட ஆரம்பித்தார். ஒரு கணக்கில் பார்த்தால் தூதர் வேலை அன்றே கிடைத்துவிட்டது, சம்பளம்தான் இல்லை.

பிறகு நியூயார்க்கில் மேல்படிப்பு. படிப்புச் செலவுக்காக ஒரு சிறு குழு. 1958-இல் ரேடியோ சிட்டி அரங்கில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசித்தார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். 1960-இல் 'டிரம்ஸ் ஆஃப் பேஷன்' இசைத்தட்டு வந்தது. தாள வாத்தியமும் குரலும் மட்டும்தான். அது அப்படி விற்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. அதிலிருந்த ஒரு பாட்டைத்தான் 1969-இல் சாண்டானா என்ற அமெரிக்க ராக் இசைக் குழு கிதாரோடு வாசித்து ஊரெல்லாம் கொண்டுபோனது.

சரி, தொடைக்கு வருவோம். அவர் வாசித்தவை ஜெம்பே, அஷிகோ போன்ற ஒருமுக வாத்தியங்கள். இரண்டு கையும் ஒரே தோலில் விழும். வகுப்பில் அவர் முதலில் கொடுத்தது ஆறு சொல்: குன், டுன், கோ, டோ, பா, டா. முதல் எழுத்தைக் 'குண்டு' என்று சொல்லும்போது வருகிற மாதிரி கனமாகச் சொல்லுங்கள். குன் வலது கை, டுன் இடது கை, நடுத் தோலில் ஆழமான சத்தம். கோ, டோ விளிம்புக்குப் பக்கத்தில், திறந்த சத்தம். பா, டா சுளீர் என்று அறைவது. அவ்வளவுதான். இனி வாயால் சொல்லுங்கள், கை தானாகப் போகும். குன், கோ-டோ, பா-டா. இன்னொரு தரம். குன், கோ-டோ, பா-டா. எழுதி வைக்கவும் வேண்டாம், படம் போடவும் வேண்டாம். தாளமே தெரியாத கூட்டத்தை அவர் இப்படித்தான் வாசிக்க வைத்தார். தத், தித், தொம், நம் என்கிற நம் மிருதங்கச் சொற்கட்டும் இதே ஜாதிதான். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

ஏன் சொல்? யோருபா மொழியிலேயே பதில் இருக்கிறது. அங்கே குரல் ஏறி இறங்கினால் பொருள் மாறிவிடும். 'ஒக்கொ' என்று சமமாகச் சொன்னால் புருஷன். கடைசியில் குரலை உயர்த்தினால் மண்வெட்டி. தாழ்த்தினால் வண்டி, படகு. புருஷனை மண்வெட்டி என்று கூப்பிட்டு விடலாம், கவனம். மொழியே சுருதியில் ஓடுவதால், சுருதி மாறும் வாத்தியம் இருந்தால் பேசியே விடலாம். இடை சிறுத்த ஒரு வாத்தியம், பெயர் டுண்டுன். அக்குளில் இடுக்கி, கயிற்றை அழுத்தி அழுத்திச் சுருதியை ஏற்றுவார்கள். நம் உடுக்கையின் கயிற்றைப் பிடித்து இறுக்குகிற அதே வேலை. அதில் ஒருவர் பெயரைச் சொல்லலாம், புகழலாம், பழமொழி சொல்லலாம். ஆங்கிலத்தில் 'பேசும் டிரம்' என்று ஆச்சரியமாகச் சொல்கிறார்கள். நமக்கு என்ன ஆச்சரியம்? 'பறை' என்றாலே சொல்லுவது. அறைவதும் பறைவதும் ஒரே வாத்தியத்தின் வேலை என்பது தமிழுக்கு எப்போதோ தெரியும். தாளம் என்றால் சத்தம், இரைச்சல் என்று முகம் சுளிக்கிறவர்களிடம் எனக்குள்ள வழக்கே இதுதான். உங்களுக்கு அந்த மொழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் மூன்று விரல் காட்டுகிறார். ஆட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அது மடிந்தே இருக்கட்டும். ஒன்று மட்டும். நியூயார்க் ஹார்லெம் பகுதியில் அவர் நடத்திய பண்பாட்டு மையத்தில் வாத்தியம் தனி, ஆட்டம் தனி என்று பார்க்கவில்லை. இரண்டும் உண்டு, கூடவே மொழியும் கதையும். சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் அந்த மையத்துக்குத் துணை நின்றவர். 1967 ஏப்ரல் 23 அன்று அங்கே வந்து வாசித்தார். மூன்று மாதத்துக்குள் காலமாகிவிட்டார்.

இரண்டு விரல். 1991-இல் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தொகுப்பு. அமெரிக்க டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட் சேர்த்த குழு. அதில் ஒலாடுஞ்சி, டுண்டுன் வாசித்த சிகிரு அடெபோஜு, தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைத் தொகுப்புக்கென்று கிராமி தந்த முதல் விருது அதற்குத்தான். அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் காபி இடைவேளையில் அவரவர் சொற்கட்டை வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் கற்பனை. அதைப் பற்றித்தான் நீளமாகப் பேச வந்தேன்.

ஒலாடுஞ்சி 2003 ஏப்ரல் 6 அன்று கலிபோர்னியாவில் மறைந்தார். 76 வயது முடிய ஒரே ஒரு நாள் பாக்கி.

அடுத்து 1960 இசைத்தட்டிலிருந்து 'அகிவோவோ' ஒலிக்கும். ரயில்காரரைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. கையை எடுத்துவிடாதீர்கள். குன், கோ-டோ, பா…