வட சென்னையில் வீடு பார்க்கிறீர்களா? காற்றையும் தண்ணீரையும் கேளுங்கள்

[காட்சி: விம்கோ நகர் மெட்ரோ நிலையம், காலை நேரக் கூட்டம்]

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, இங்கே வீடு காட்டும் தரகர்களின் பேச்சு ஒரே வாக்கியத்துக்குச் சுருங்கிவிட்டது: "ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான் சார்." அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் திருவொற்றியூர், மணலி, மாதவரம், எண்ணூர், மீஞ்சூர் என விரியும் இப்பகுதியில், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, மழைநீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது என்பதைப் பொறுத்தே ஒரு தெரு குடியிருக்கத் தக்கதாகவோ தகாததாகவோ ஆகிறது.

மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கிவருகிறது. அதைச் சுற்றி உர ஆலைகளும் ரசாயன ஆலைகளும் வளர்ந்துள்ளன. கோடையில், விடியற்காலையில் நிலத்திலிருந்து காற்று வீசும்போது அந்த வாடை கிழக்கே திருவொற்றியூர்ப் பக்கம் வரும். நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுந்ததும் மேற்கே திரும்பிவிடும். எனவே திருவொற்றியூர் வீட்டை மாலை நான்கு மணிக்குச் சிலுசிலுவென்ற கடற்காற்றில் காட்டினால், மறுநாள் காலை ஆறு மணிக்குத் தரகரின்றி நீங்களே ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

[காட்சி: ஜன்னல் திண்டைத் துடைக்கும் வெள்ளைத் துணி]

சில நாள் பூட்டிக் கிடந்த வீடென்றால், ஜன்னல் திண்டை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எவ்வளவு அருகில் ஓடுகின்றன என்பது துணியிலேயே தெரிந்துவிடும்.

தண்ணீர் இன்னும் நுணுக்கமான விஷயம். புழல் ஏரி நிரம்பித் திறக்கப்படும் உபரிநீர், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாகத்தான் எண்ணூர் நோக்கிச் செல்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்ததை மீனவர்கள் இன்னும் மறக்கவில்லை. தரைத்தளச் சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுச் சுண்ணாம்போ பெயின்டோ பூசியிருந்தால், வீட்டுக்காரரை விட்டுவிட்டு, எதிர்வீட்டுப் பாட்டியிடம், "அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சும்மா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் தம் வீட்டுச் சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார்.

மீஞ்சூர்ப் பக்கம் மனை விலை மலிவு என்பது சரிதான். ஆனால் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் அங்கே கடல்நீர் உட்புகுந்துள்ளது. போர் போட்டாலும் உப்புக் கரிக்கலாம். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன்கொண்ட கடல்நீர்க் குடிநீர் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக உங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். குழாய் இணைப்பு இருக்கிறதா, லாரித் தண்ணீர்தானா என்று கேட்டுவிட்டு, குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விம்கோ நகரைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்தான் துணை. கொல்கத்தா, விஜயவாடா பக்கம் போகும் விரைவு வண்டிகளும் அதே தடத்தில் ஓடுவதால், அலுவலக நேரத்தில் ஒரு வாரமாவது பயணித்துப் பார்ப்பது நல்லது.

இவற்றையெல்லாம் தட்டிப் பார்த்தால், என் கணக்கில் மாதவரம் சற்று முன்னே நிற்கிறது. 2018-இல் திறந்த ஆந்திரப் பேருந்து நிலையம் அங்கே உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஆனாலும் ஜி.என்.டி. சாலையையொட்டிய லாரிக் கிடங்குத் தெருக்களில் இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை நின்று பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.