கீழே இருப்பதெல்லாம் அடிப்பக்கம் இல்லை

வணக்கம் நண்பர்களே! இன்றைக்குப் பட்டகம், அதாவது ப்ரிஸம். கன அளவுக்கான சூத்திரம் பலருக்கும் மனப்பாடம்தான்: அடிப்பக்கப் பரப்பு பெருக்கல் உயரம். ஆனாலும் விடை தப்பாகிறது என்றால், பெரும்பாலும் பெருக்கலில் கோளாறு இல்லை, எது அடிப்பக்கம் என்று பார்க்கிற முதல் படியிலேயே வழி மாறிவிடுகிறது.

இதோ, அட்டையில் செய்த ஒரு முக்கோணப் பட்டகம். மேசைமேல் கூடாரம் மாதிரி படுக்க வைத்திருக்கிறேன். உங்களைப் பார்த்து நிற்கிற முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 5 செ.மீ., நீளம் 10 செ.மீ. மேசையைத் தொடுவது 5-க்கு 10 செவ்வகம். கீழே இருக்கிறதே, இதுதான் அடிப்பக்கம் என்று எடுத்தால் பரப்பு 50. தரையிலிருந்து உச்சி விளிம்பு வரை உயரம் 2.4. பெருக்கினால் 120 வரும். உண்மையான கன அளவு 60தான். சரியாக இரண்டு மடங்கு!

ஏன் அப்படி? இந்தக் கூடாரத்தை மேசைக்கு இணையாக வெட்டிக்கொண்டே மேலே போங்கள். செவ்வகம் குறுகிக் குறுகி, கடைசியில் உச்சியில் வெறும் கோடாகிவிடுகிறது. இப்போது முன்னால் நிற்கும் முக்கோணத்துக்கு இணையாக வெட்டிப் பாருங்கள். எங்கே வெட்டினாலும் அதே முக்கோணம், அதே அளவு. அதனால்தான் அதன் பரப்பு 6-ஐ 10-ஆல் பெருக்கினால் போதும். இந்த முக்கோணமும் பின்னால் இருக்கும் அதன் இணையும்தான் அடிப்பக்கங்கள். பட்டகத்தை எப்படிப் புரட்டிப் போட்டாலும் அது மாறாது, மேசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

“இணையாக இருக்கும், சர்வசமமான இரண்டு முகங்கள்” என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்வதும் ஆபத்துதான். ஒழுங்கு அறுகோணப் பட்டகத்தை எடுங்கள். அதன் பக்க முகங்களிலேயே எதிரெதிர் செவ்வகங்கள் இணையாகவும் சர்வசமமாகவும் மூன்று ஜோடி இருக்கின்றன. அவையெல்லாம் அடிப்பக்கமா என்றால், இல்லை. அடிப்பக்கங்கள் இரண்டையும் ஒதுக்கிவிட்டால் மிச்சமிருக்கும் முகங்கள் அத்தனையும் இணைகரமாக இருக்க வேண்டும். ஒரு செவ்வக ஜோடியை ஒதுக்கினால் மிச்சத்தில் அறுகோணங்கள் வந்து நிற்கின்றன, அங்கேயே அடிபட்டுப் போகிறது. இந்தச் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏமாற்றவே ஏமாற்றாது. கனச்செவ்வகம் மாதிரி எல்லா முகங்களும் இணைகரமாகவே இருக்கும் பட்டகம் மட்டும் தாராளமானது, எந்த எதிரெதிர் ஜோடியை எடுத்தாலும் சோதனையில் தேறிவிடும், விடையும் ஒன்றாகவே வரும்.

செவ்வகம் என்று சொல்லாமல் இணைகரம் என்று சொன்னதற்குக் காரணம், சாய்ந்த பட்டகம். நேர் பட்டகத்தில் பக்க முகங்கள் எல்லாம் செவ்வகம், சாய்ந்ததில் அப்படி இருக்காது. அங்கே உயரம் என்பது சாய்ந்த விளிம்பின் நீளம் இல்லை, இரண்டு அடிப்பக்கங்களுக்கும் நடுவே உள்ள செங்குத்துத் தூரம்.

அப்புறம் புறப்பரப்பு. நேர் பட்டகத்தின் பக்க முகங்களை ஒரு விளிம்பில் கத்தரித்து விரித்தால் ஒரே பெரிய செவ்வகம்! நம் அட்டைக்கு 3, 4, 5 கூட்டினால் 12, அதைப் பத்தால் பெருக்க 120. இரண்டு முக்கோணங்களுக்கு 12 சேர்த்தால் மொத்தம் 132 சதுர செ.மீ.

எண்ணிக்கையை மனப்பாடம் செய்யவே வேண்டாம். அடிப்பக்கத்துக்கு எத்தனை பக்கமோ அத்தனை பக்க முகங்கள், கூடவே இரண்டு அடிப்பக்கம். விளிம்புகள் அதன் மூன்று மடங்கு: மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, நடுவே இணைப்பவை ஒரு சுற்று. உச்சிகள் இரண்டு மடங்கு. அறுகோணப் பட்டகம் என்றால் 8 முகம், 18 விளிம்பு, 12 உச்சி.

சரி, 24 விளிம்புகள் உள்ள ஒரு பட்டகத்துக்கு எத்தனை முகங்கள்? படம் வரையாமல் கமெண்டில் சொல்லுங்கள்.